கேட்கப்படாத மருந்து

“ரெண்டு மணி நேரத்துல மெஷின் சொல்லிடுற பதிலுக்கு, நீங்க ஏன்ப்பா ரெண்டு மாசம் முட்டையில கிருமிய வளத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?” காரைக்குடியில் உறவினர் வீட்டு மணிவிழா ஒன்றில், இலை எடுத்த பிறகு வெற்றிலைத் தட்டைச் சுற்றி நடந்த பேச்சில் என் அம்மான் கேட்டது இது. கேலியாகக் கேட்கவில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் கருவிகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவர். ஒரு கருவி மனிதனின் காத்திருப்பைக் குறைக்குமானால் அதற்கு மரியாதை தர வேண்டும் என்று நினைப்பவர். காசநோய்க் கிருமி எந்த மருந்துக்கு மடிகிறது, எதற்கு மடிய மறுக்கிறது என்று பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்ப்பவன் நான். ஆகவே பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான்தான் இருந்தேன். “எல்லா மருந்தையும் மெஷின் பாக்காது அம்மான்” என்றேன். உண்மைதான். ஆனால் அவர் கேள்வியின் பெரும்பகுதி அந்தப் பதிலுக்கு வெளியே நின்றது என்பது மதுரைக்குப் பேருந்து ஏறிய பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் நியாயம் நிறைய உண்டு. குடலில் வாழும் ஈ.கோலை கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிவதற்குள் ஏறத்தாழ ஒரு நாள் ஆகிவிடும். சிறுநீர்த் தொற்றுக்கு எந்த மருந்து கேட்கும் என்று இரண்டு மூன்று நாளில் சொல்லிவிடும் ஆய்வகம், காசநோய்க்கு மட்டும் வாரக்கணக்கில் தவணை சொல்வதற்கு இதுதான் காரணம். முட்டை கலந்து செய்த வளர்ப்பு ஊடகத்தில் கிருமி கண்ணுக்குத் தெரியும் திட்டாக எழும்ப மூன்று முதல் எட்டு வாரம். அதை எடுத்து மருந்து கலந்த குழாய்களில் மறுபடி விதைத்துப் பார்க்க இன்னும் நான்கு முதல் ஆறு வாரம். அதுவரை நோயாளி, தனக்குக் கேட்காத மருந்தையே விழுங்கிக்கொண்டு, வீட்டுப் பிள்ளைகள் நடுவில் இருமிக்கொண்டிருப்பார். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவிக்கு ஒப்புதல் அளித்தபோது என் துறையில் பலர் மகிழ்ந்ததற்கு இந்த நெடிய காத்திருப்பே காரணம். நம் அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்று அழைக்கப்படுவது அதுதான். பிறகு, அதே வேலையைச் செய்யும் கோவா நிறுவனம் ஒன்றின் ட்ரூநாட் கருவி வந்தது. மின்கலத்திலேயே ஓடும், குளிரூட்டிய அறை வேண்டியதில்லை என்பதால் ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் போய்விட்டது.

நுண்ணோக்கியில் சளியைப் பார்த்த காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய தூரம் என்பதும் புரியும். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் அகப்படும். அகப்பட்டாலும் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும் அவற்றில் எது மருந்துக்குப் பணியும், எது பணியாது என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

மெஷின் கேட்கும் கேள்வி

ஆனால் சிபிநாட் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கிருமியின் ஆர்பிஓபி என்ற மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியை அது படியெடுத்து, அதில் மாற்றம் இருக்கிறதா என்று சோதிக்கிறது. ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு அடங்காத கிருமிகளில் 95 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் பழுது இந்தப் பகுதியில்தான் இருக்கும். ஆகவே அந்த ஒரு மருந்தைப் பற்றி மெஷின் சொல்லும் விடை பெரும்பாலும் சரியானது. நாம் தரும் கூட்டு மாத்திரையில் இருப்பதோ நான்கு மருந்துகள்: ரிஃபாம்பிசின், ஐசோநயசிட், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால். மற்ற மூன்றைப் பற்றி வழக்கமான சிபிநாட் கார்ட்ரிட்ஜ் வாயே திறப்பதில்லை.

ரிஃபாம்பிசினை மட்டும் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி பெரும்பாலும் ஐசோநயசிட்டுக்கும் அடங்காததாகவே இருக்கும். எனவே ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் ஊகிக்கலாம் என்பது அந்தக் கணக்கு. ஒரு பக்கம் அது சரி. மறுபக்கம், ரிஃபாம்பிசினுக்கு அடங்குகிறது என்பதால் ஐசோநயசிட்டுக்கும் அடங்கும் என்று சொல்ல முடியாது. செட்டிநாட்டு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முன்வாசல் பூட்டை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு வீடு பத்திரம் என்று ஊருக்குக் கிளம்புகிறவர் யாரும் இங்கே இல்லை. 2014 முதல் 2016 வரை இந்திய அரசு நடத்திய முதல் தேசிய மருந்து எதிர்ப்புத் திறன் ஆய்வில், புதிதாக நோய் கண்ட காசநோயாளிகளில் 11.06 விழுக்காட்டினரின் கிருமி ஐசோநயசிட்டுக்கு அடங்கவில்லை. முன்பே சிகிச்சை எடுத்தவர்களில் அது 25.09 விழுக்காடு. ஐசோநயசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காத, பன்மருந்து எதிர்ப்புக் கிருமி எனப்படுவது புதிய நோயாளிகளில் 2.84 விழுக்காடுதான். புதிய நோயாளிகளின் 11.06, 2.84 என்ற இந்த இரு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இருப்பவர்களுக்குத்தான் மெஷின் முதல் நாளே ‘தடையில்லை’ என்று சீட்டு கொடுத்து அனுப்புகிறது.

இரண்டாவது சளி

இந்த இடைவெளி எனக்கு எண்ணாக இல்லாமல் ஆளாகத் தெரிந்தது ஆத்தங்குடியில் கல் பட்டறையில் வேலை செய்யும் ஒரு அண்ணன் மூலமாகத்தான். எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டுக்குத் தளம் மாற்றியபோது பூக்கல் வார்த்துக் கொடுத்தவர். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். இருமலும் மாலைக் காய்ச்சலும் விடாமல், சட்டை தொளதொளத்துப் போன பிறகு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அன்றே சளி பார்த்து, காசநோய் இருக்கிறது, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை என்று முடிவு வந்துவிட்டது. மறுநாளே மாத்திரை தொடங்கினார்கள். அத்தோடு, இன்னொரு குப்பியில் காலைச் சளி கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்த இன்னொரு குப்பிதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. என்னைத் தொலைபேசியில் அழைத்து, “மருந்து கேக்கும்னு எழுதிக் குடுத்துட்டாங்கல்ல தம்பி, அப்புறம் என்னத்துக்கு மறுபடியும் சளி? ஒருநாள் கூலி போகுதுல்ல” என்றார். நியாயமான கோபம். “அண்ணே, அவங்க பாத்தது ஒரு மருந்த மட்டும்தான். மிச்சத்தைப் பாக்கத்தான் கேக்குறாங்க. மாத்திரை ரெண்டு வாரம் போச்சுன்னா சளியே வராது, வந்தாலும் அதுல கிருமி கொறஞ்சிடும். இப்பவே குடுத்துருங்க” என்றேன். பல் துலக்கும் முன் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கவேண்டும், எச்சில் கூடாது என்பதையும் சொன்னேன். கொடுத்துவிட்டார்.

அந்தக் குப்பி எந்த வழியாக எந்த மேசைக்கு வந்தது என்பது எனக்குத் தெரியாது. எங்கள் கைக்கு வருவன எண்கள் மட்டுமே, பெயர்கள் அல்ல. பின்னர் முடிவுத் தாளோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். எல்பிஏ என்று நாங்கள் அழைக்கும் பரிசோதனையின் முடிவு அது. சளியிலிருந்து கிருமியின் டிஎன்ஏவைப் பிரித்து, வேண்டிய மரபணுப் பகுதிகளைப் பெருக்கி, ஒரு மெல்லிய பட்டையின் மேல் ஓடவிட்டால், பொருந்தும் இடங்களில் கோடுகள் தோன்றும். இயல்பான மரபணுவுக்கு உரிய கோடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், பழுதான வடிவத்துக்கு உரிய கோடு தோன்றினால், கிருமி அந்த மருந்தை மதிக்கவில்லை என்று பொருள். அண்ணனின் தாளில் ரிஃபாம்பிசின் பகுதியில் எல்லாக் கோடும் ஒழுங்கு. கேட்ஜி மரபணுவில் இயல்பான கோடு இல்லை; 315-ஆம் இடத்து மாற்றத்துக்கான கோடு இருக்கிறது என்று குறித்திருந்தார்கள்.

இந்த ஒரு வரியின் பொருளை அவருக்கு விளக்க முயன்றபோதுதான் அம்மானின் கேள்வி எனக்கே வேறு வடிவில் விளங்கத் தொடங்கியது. ஐசோநயசிட் மாத்திரை விழுங்கும் நிலையில் கிருமியைக் கொல்லாது. கிருமியின் உள்ளே போய், கிருமியே உண்டாக்கும் கேட்ஜி என்ற நொதியால் மாற்றப்பட்ட பிறகே அது நஞ்சாகிறது. தன்னைக் கொல்லும் மருந்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் கிருமி, 315-ஆம் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியதும் அந்தத் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது. மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் பெரும் பயன் இராது. வேறொரு மரபணுவான ஐஎன்எச்ஏவின் முன்பகுதியில் மாற்றம் ஏற்பட்டிருந்தால் எதிர்ப்பு குறைந்த அளவில்தான் இருக்கும். அளவைக் கூட்டிக் கொடுத்தால் ஐசோநயசிட் ஓரளவு வேலை செய்யும். எந்த மரபணு பழுது என்று தாளில் எழுதாமல் ‘எதிர்ப்பு உண்டு’ என்று மட்டும் எழுதுவது அரைகுறை வேலை என்பது அன்றிலிருந்து என் பிடிவாதம்.

இந்தத் தாள் வராமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதல் இரண்டு மாதம் நான்கு மருந்தில் மூன்று வேலை செய்திருக்கும். கிருமி வெகுவாகக் குறைந்து, காய்ச்சல் நின்று, அவர் பட்டறைக்குத் திரும்பியிருப்பார். அடுத்த நான்கு மாதம் தரப்படுவன ரிஃபாம்பிசின், ஐசோநயசிட், எத்தாம்பியூட்டால். அதில் ஐசோநயசிட் வெறும் மாவு. ரிஃபாம்பிசினுக்குத் துணையாக எத்தாம்பியூட்டால் மட்டும் மிஞ்சியிருக்கும். நுரையீரலில் பள்ளம் விழுந்த ஒருவரின் உடலில் பத்துக்கோடிக் கிருமிகள் இருப்பது சாதாரணம். ரிஃபாம்பிசினை எதிர்க்கும் மாற்றம் பத்துக்கோடிக் கிருமிகளில் ஏறத்தாழ ஒன்றில் தானாகவே இருக்கும். ஒரே கிருமி இரண்டு மருந்தையும் எதிர்க்கும் வாய்ப்போ, தனித்தனி வாய்ப்புகளைப் பெருக்கி வருவது; மிகமிக அரிது. காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் அடிப்படையே இந்தப் பெருக்கல் கணக்குதான். 1948-இல் வெளியான பிரிட்டன் மருத்துவ ஆய்வு மன்றத்தின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4. பெறாத 52 பேரில் 14. ஆனால் மருந்து பெற்ற பலரின் சளியில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமி சில மாதங்களிலேயே பெருகிவிட்டது. வென்றதாகத் தோன்றிய பலருக்கு நோய் திரும்பியது. தனி மருந்து எப்படிக் கைவிடும் என்பதைக் காசநோய் உலகம் கற்ற இடம் அது.

அண்ணனுக்கு மருந்து மாற்றினார்கள்: லெவோஃப்ளாக்சசின், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால், பைராசினமைடு, ஆறு மாதம். அதற்கும் முன்னால், லெவோஃப்ளாக்சசின் கேட்குமா என்று அதே பட்டை முறையில் இன்னொரு பரிசோதனை. இது வெறும் சடங்கல்ல. காய்ச்சல், சளி, சிறுநீர்க் கடுப்பு என்று எதற்கெடுத்தாலும் நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் மருந்துக் குடும்பம் அது. காசநோய் என்று தெரிவதற்கு முன்பே பலரின் கிருமி அதைப் பார்த்துப் பழகியிருக்கும்.

முட்டை ஊடகமும் ஒரு விழுக்காடும்

இதுவரை சொன்னவை எல்லாம் மரபணுவைப் பார்க்கும் பரிசோதனைகளே. “அப்ப அந்தப் பட்டையே போதுமே, முட்டை எதுக்கு?” என்று அம்மான் கேட்பார் என்று தெரியும், அடுத்த முறை கேட்கவும் கேட்டார். மரபணுப் பரிசோதனை தனக்கு முன்பே தெரிந்த பழுதை மட்டும் தேடும். வளர்ப்புப் பரிசோதனைக்குப் பழுது எங்கே என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. மருந்தின் நடுவே கிருமியை விட்டு, பிழைக்கிறதா என்று பார்க்கும். கோழிமுட்டை, கிளிசரால், மாலகைட் பச்சைச் சாயம் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கிய பச்சை நிறச் சரிவில், மருந்து இல்லாத குழாயிலும் மருந்து உள்ள குழாயிலும் ஒரே கிருமியை விதைக்கிறோம். மருந்துள்ள குழாயில் எழும் திட்டுகள், மருந்தில்லாத குழாயில் எழுந்தவற்றில் ஒரு விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தக் கிருமிக்கு எதிர்ப்பு உண்டு என்று எழுதுகிறோம். பாரிஸின் கனெட்டியும் அவர் கூட்டாளிகளும் 1960-களின் தொடக்கத்தில் வகுத்த விகித முறை இது. நூறில் தொண்ணூற்றொன்பது மடிந்தாலும் மீதி ஒன்று போதும், சிகிச்சை தோற்க. என் கண்ணுக்கு இன்றும் இந்த முறையைப் போல நேர்மையான பரிசோதனை வேறில்லை. அந்தப் பற்று தொழில்சார்ந்த பாசமாகவும் இருக்கலாம்.

முட்டையைக் கேலி செய்த அம்மான் மயங்கியது இன்னொரு வளர்ப்பு முறையில். எம்ஜிஐடி என்ற திரவ ஊடகக் குழாயின் அடியில், ஆக்சிஜன் இருக்கும்வரை ஒளிராமல் அடங்கியிருக்கும் ஒரு சேர்மம் பதிக்கப்பட்டிருக்கும். கிருமி வளர்ந்து ஆக்சிஜனைத் தின்னத் தின்ன, புற ஊதா ஒளியில் குழாயின் அடி ஒளிரத் தொடங்கும். கருவி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளும். எட்டு வாரம் இரண்டு வாரமாகச் சுருங்குவது இதனால்தான். ஆக்சிஜன் உணரி என்று சொன்னதும் அவர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, சேர்மம் ருதீனியமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அரைமணி நேரம் காசநோய் பற்றிப் பேச்சே எழவில்லை.

இரு விடை வந்தால்

வளர்ப்பின் பக்கம் மட்டும் நின்று வாதாடினால் அது உண்மையாக இராது. எங்களை நீண்டகாலம் குழப்பிய ஒரு சிக்கல் உண்டு. மெஷின் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டு என்கிறது. அதே நோயாளியின் கிருமியைத் திரவ ஊடகத்தில் மருந்தோடு வளர்த்தால் மடிந்துவிடுகிறது. யாரை நம்புவது? வளர்ப்பே இறுதித் தீர்ப்பு என்று பழகியவர்கள் மெஷினைச் சந்தேகித்தார்கள். சளியில் கிருமி மிகமிகக் குறைவாக இருக்கும்போது மெஷின் பொய்யாக ‘எதிர்ப்பு’ சொல்வது உண்டு என்பதால் சந்தேகத்துக்கும் இடம் இருந்தது. ஆனால் ஆர்பிஓபி மரபணுவின் சில குறிப்பிட்ட மாற்றங்களில், குழாயில் மடிந்த கிருமி நோயாளியின் உடலில் மடியவில்லை; வழக்கமான மருந்தில் அவர்களுக்குச் சிகிச்சை தோற்றது. அந்தக் கிருமிகள் மெதுவாக வளர்பவை, எதிர்ப்பும் நடுத்தரமானது. கருவி குறித்த நாளுக்குள் எல்லையைத் தாண்டாமல், அடங்கியவை போலத் தோற்றம் தந்தன. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் திரவ ஊடகத்தில் ரிஃபாம்பிசினுக்கான வரம்பை, அதாவது எந்த அளவு மருந்திலும் கிருமி வளர்ந்தால் எதிர்ப்பு என்று எழுதுகிறோமோ அந்த அளவை, மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமிலிருந்து 0.5 ஆகப் பாதியாக்கியது. இறுதித் தீர்ப்பு என்று நாங்கள் நினைத்ததும் யாரோ கிழித்த கோடுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

நேர்மாறும் நடந்தது. இன்று எஸ்வாட்டினி என்று அழைக்கப்படும் ஸ்வாசிலாந்தில் 2009-இல் நடந்த தேசிய ஆய்வில் கிடைத்த பன்மருந்து எதிர்ப்புக் கிருமிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் ரிஃபாம்பிசின் பழுது இருந்த இடம், மெஷின் பார்க்கும் அந்த 81 எழுத்துகளுக்கு வெளியே. மெஷின் அத்தனை பேருக்கும் ‘தடையில்லை’ என்றுதான் சொல்லியிருக்கும். வளர்த்துப் பார்த்ததால் அகப்பட்டது. 2021-இல் வெளியான மரபணு மாற்றங்களின் உலகப் பட்டியல் 38,000-க்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளை வைத்துத் தயாரிக்கப்பட்டது. 2023 பதிப்பில் அது 52,000-ஐத் தாண்டியது. அவற்றை எல்லாம் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஓர் ஆய்வகம் மருந்தோடு வளர்த்துப் பார்த்திருக்கிறது. அந்த விடைகளைக் கொண்டுதான் எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து கேட்காது என்பது தெரிய வந்தது. மெஷின் இரண்டு மணி நேரத்தில் சொல்வது, பல்லாயிரம் குழாய்கள் வாரக்கணக்கில் சொன்னதன் சுருக்கம்தான். அம்மானுக்கு நான் முதல் நாள் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. புதிய மருந்தான பெடாகுவிலினில் இந்தத் தேவை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது: எதிர்ப்பைத் தரும் மாற்றங்கள் ஆர்வி0678 என்ற மரபணுவின் நெடுகிலும் சிதறிக் கிடக்கின்றன, சில மாற்றங்களால் ஒன்றும் ஆவதில்லை, எனவே குழாயில் விதைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கும் அம்மானிடம் ஒரு மறுகேள்வி இருந்தது: “சரி, அந்தக் கல் பட்டறைக்காரர் சாப்பிடுற நாலு மருந்தையும் பாத்துட்டீங்களா?” இல்லை. பைராசினமைடு பார்க்கப்படவில்லை. அமிலத்தன்மை உள்ள இடத்தில்தான் அந்த மருந்து வேலை செய்யும். அந்த அமிலத்தில் காசநோய்க் கிருமியே சரியாக வளராது. கிருமியைக் கொஞ்சம் அதிகமாக விதைத்துவிட்டால் ஊடகத்தின் அமிலம் குறைந்து, இல்லாத எதிர்ப்பு இருப்பதாகத் தெரியும். மரபணுவில் தேடலாம் என்றால், இந்த மருந்தோடு தொடர்புடைய பிஎன்சிஏ என்ற மரபணுவில் பழுது ஒரு மூலையில் இல்லாமல் மரபணு முழுவதும் பரவியிருக்கிறது. பட்டையில் அத்தனைக்கும் கோடு போட இடமில்லை. மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாக வரிசைப்படுத்திப் பார்க்கும் முறைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை கிடைத்திருக்கிறது. ஆத்தங்குடியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு சளிக் குப்பிக்கும் அது செய்யப்படும் நாள் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு முடிவுத் தாள்களில், பார்த்த மருந்துகளுக்குக் கீழே, பார்க்காத மருந்துகளின் பெயரையும் எழுதி அவற்றுக்கு நேரே ‘பரிசோதிக்கப்படவில்லை’ என்று குறிக்க வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நோயாளி குழம்புவார் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அண்ணன் குழம்பவில்லை, அந்த மாத்திரையையும் அவர் ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டார்.